வெளியே திறக்கும் கதவு

முதல் தட்டுக்கு அவள் கதவைத் திறப்பதே இல்லை. தட்டியவர் தவணை கேட்டு வந்தவராக இருந்தாலும் சரி, கைக்குழந்தையோடு வந்த நாத்தனாராக இருந்தாலும் சரி, உள்ளேயிருந்து "இருங்க, வரேன்" என்று ஒரு குரல் மட்டும் வரும். குரலுக்குப் பின்னால் ஆள் வருவதற்குள் கையில் இருக்கும் வேலை முடிந்தாக வேண்டும். பாத்திரம் என்றால் கழுவிக் கவிழ்த்திருக்க வேண்டும். துணி என்றால் பிழிந்து உதறியிருக்க வேண்டும். சில நாள் கையில் ஒரு வேலையும் இருக்காது. அப்போதும் தாழ்ப்பாளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள். ஒருவரைக் காக்கவைப்பதில் இருக்கும் சுகத்தை அவள் கண்டுபிடித்ததே நாற்பது வயதுக்கு அப்புறம்தான். கிடைத்ததை விடுவாளா?

அந்தக் கதவு மற்ற வீட்டுக் கதவுகளைப் போல உள்பக்கம் போகாது. வெளியே, வந்தவர் மூக்கை நோக்கி வரும். வாசலில் இருப்பது ஒரே ஒரு படி. தட்டியவர் அதிலிருந்து இறங்கி மண்ணில் நின்றால்தான் கதவு முழுசாகத் திறக்கும். விஷயம் தெரியாதவர்கள் ஒரு முறை நெற்றியில் வாங்கிக்கொள்வார்கள். தெரிந்தவர்கள் தட்டிய கையோடு இறங்கி நிற்பார்கள். இதனால் தெருவில் அவளுக்குக் 'கதவு வீட்டுக்காரி' என்றே பெயராகிவிட்டது. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை; கேட்டால் லேசாகச் சிரிப்பாள்.

தொழில், வெங்காய வயலில் கூலி வேலை. நாற்று நடுவது, களை எடுப்பது, அறுவடையானால் தாள் அரிந்து மூட்டை கட்டுவது. அவள் புடவையை எத்தனை முறை துவைத்தாலும் அந்த வாடை போகாது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்பவர்கள் ஜன்னலைத் திறப்பார்கள். களை எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் ஒரு பாத்தி முடிப்பதற்குள் இவள் இரண்டு பாத்தி முடித்து, வரப்பில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து வெற்றிலைக்காரி மாதிரி ஊரை வேடிக்கை பார்ப்பாள். களைக்கொத்தை யாருக்கும் இரவல் தர மாட்டாள். கணவரை இரவல் கேட்டால்கூட யோசித்துவிட்டுத் தருவாள் என்று கூட வேலை செய்யும் பெண்கள் கேலி பேசுவார்கள். வயலில் கோரை அதிகம். மேலே பிடுங்கினால் அறுந்து கையோடு வரும், அடியில் கிழங்கு அப்படியே இருக்கும், நாலு நாளில் மறுபடி தலை நீட்டும். அந்தக் கோரைக்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'மேஸ்திரி'. "இந்தா, இன்னொரு மேஸ்திரி" என்று கிழங்கோடு கெல்லி வரப்பில் எறியும்போது பாத்தி முழுக்கச் சிரிப்பு எழும்.

மேஸ்திரியும் அப்படியொன்றும் கொடியவர் இல்லை. வயல்காரர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவர் பிழைப்பு. நடவு முடிந்து களை எடுக்கும் காலம் வரை ஊரில் யாருக்கும் வேலை இருக்காது. பானையும் வயிறும் ஒன்றாகக் காலியாகும் அந்த நாட்களில் அவர் வீடு வீடாக வந்து முன்பணம் கொடுப்பார். அதை வாங்கியவர் களைக்காலம் முழுவதும் அவர் கூப்பிட்ட வயலுக்கு, அவர் சொன்ன கூலிக்குப் போக வேண்டும். வாங்காதவருக்குத் தனிக் கூலி உண்டு, அது ஒன்றரை மடங்கு. ஆனால் வாங்காதவர் என்று ஒருவர் இருந்தால் அல்லவா அந்தக் கூலியைக் கொடுக்க? அவள் திருமணமாகி வந்த நாள் முதல், வருஷம் தவறாமல் வாங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

அப்போது அவள் வீட்டு வாசலில் தொங்கியது ஒரு சாக்கு. உரச்சாக்கு நான்கைப் பிரித்துத் தைத்தது. மழைக்கு நனையும், காற்றுக்குப் பறக்கும், நாய் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு வரும். மேஸ்திரியும் ஏறக்குறைய அப்படித்தான். விடியற்காலையில் சாக்கை ஒரு கையால் விலக்கி, தலையை உள்ளே நீட்டி, எந்த வயல் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். இதை அவர் தெரு முழுவதும் செய்வார். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை, எடுத்துக்கொள்ளலாம் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலை, பத்தாம் வகுப்புக்குப் போகும் பெரிய மகள் பள்ளிக்குக் கிளம்ப உடை மாற்றிக்கொண்டிருந்தாள். சாக்கு விலகியது. மேஸ்திரியின் தலை உள்ளே வந்தது. "இன்னைக்கு மேட்டு வயலு, சீக்கிரம் கிளம்பு" என்றது. போய்விட்டது. அவர் கெட்ட எண்ணத்தோடு பார்த்ததாக அவள் இன்றுவரை சொன்னதில்லை. அங்கே ஒரு பெண் நிற்கிறாள் என்பதே அவர் கண்ணில் படவில்லை. ஆட்டுக் கொட்டிலுக்குள் தலையை நீட்டுகிறவர் ஆட்டிடம் கேட்டுக்கொண்டா நீட்டுவார்? அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. சுவரோடு ஒட்டி நின்ற மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு மேட்டு வயலுக்குப் போனாள்.

"வாயைத் திறக்க முடியலை. அவரு குடுத்த காசு வாய் நிறைய இருந்துச்சு" என்று அந்த நாளைப் பற்றி அவள் சொல்வாள்.

அதற்கு அடுத்த வருஷம்தான் அரசாங்கம் ஏழைக் குடும்பத்துப் பெண்களின் கணக்கில் மாதாமாதம் நேராகப் பணம் போட ஆரம்பித்தது. பெரிய தொகை இல்லை. அவள் வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் அடுப்பெரியும், அவ்வளவுதான். பணம் வந்த அன்று தெருவில் எல்லா வீட்டு போனும் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தும், மழை விட்டதும் தவளை கத்துமே, அந்த மாதிரி. அன்று ஒரு நாள் மட்டும் மளிகைக்கடைக்காரருக்குத் தெருவில் உள்ள பெண்கள் எல்லாரும் தங்கச்சியாகிவிடுவார்கள். அவளுக்கு என்னவோ விண்ணப்பம் சுற்றிச் சுற்றி நின்று, நாலு மாதப் பணம் ஒட்டுமொத்தமாக வந்து விழுந்தது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த கதைதான். அவள் என்ன வாங்கப்போகிறாள் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். ஆடு வாங்கு, குட்டி போடும் என்றார்கள். கணவர் தமக்கு ஒரு பழைய சைக்கிள் போதும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிப் பார்த்தார். மேஸ்திரி, உழைக்காமல் வருகிற காசு உடம்பில் ஒட்டாது, பார்த்துக்கொண்டே இருங்கள், எல்லாம் பட்டுப்புடவையாகத்தான் போகும் என்று டீக்கடையில் சோதிடம் சொன்னார்.

அவள் கதவு வாங்கினாள்.

இடித்த கட்டடங்களின் சாமான்களை விற்கும் இடத்துக்குப் போய், நிலையோடு சேர்த்து ஒரு பழைய கதவைப் பேரம் பேசி முடித்துவிட்டாள். ஏதோ அலுவலகத்துக் கதவு. பச்சை வண்ணம். யாருடைய பெயர்ப்பலகையோ இருந்து கழன்ற மூன்று ஆணித்துளைகள் நடுவில் இருந்தன. கணவர் சந்தையில் மூட்டை தூக்குபவர். எடையைத் தோளால் அறிந்தவர். அவரே அதை ஒரு முனையில் தூக்கிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். பிறகு கூட வேலை செய்யும் ஒருவரை அழைத்துவந்து, இருவருமாகக் கதவைப் படுக்கைவாட்டில் தோளில் வைத்துத் தெருவழியே கொண்டுவந்தார்கள். பார்த்தவர்கள் எழுந்து நின்று, யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறி விசாரித்தார்கள். வாசலில் இறக்கியதும் கணவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"வீட்டுக்குள்ள திருட என்ன இருக்குன்னு இவ்வளவு பெரிய கதவு?"

"திருட ஒண்ணும் இல்லைங்க. எட்டிப் பாக்கிறதுக்குத்தான் ஆளு இருக்கு."

அவர் மகளைப் பார்த்தார். சைக்கிள் பேச்சு அன்றோடு நின்றது. கொத்தனாருக்குக் கூலி கொடுக்கக் காசு மிச்சமில்லை என்பதால், தாமே சிமெண்டு குழைத்து நிலையை நிறுத்தினார். தூக்குநூல் பிடித்து, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, பெரிய மேதாவி போலத் தலையாட்டிக்கொண்டார். இரண்டு நாள் காயவிட்டுக் கதவை மாட்டினார்கள். இருட்டியதும் குடும்பமே உள்ளே போய்க் கதவைச் சாத்தியது. சாத்திய பிறகு எல்லாரும் தாழ்ப்பாளைத் தேடினார்கள். இல்லை. மேலே தடவினார்கள், கீழே தடவினார்கள். சின்ன மகள் கதவைத் தள்ளித் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, அது வெளியே இருப்பதாகச் சொன்னாள். நிலையை முன்பின்னாக நட்டுவிட்டிருந்தார் அப்பா. இதில் அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை; நட்டு முடிக்கும் வரை மற்ற மூவரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அடுத்தவர் வீட்டுக் கதவை வெளியே நின்று தட்டியும் திறந்தும் பழகியவர்களுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது எப்படித் தெரியும்?

சிமெண்டு இறுகிவிட்டதால் இனி ஒன்றும் செய்வதற்கில்லை. அன்று கணவர் பெண்கள் மூவரையும் உள்ளே விட்டு, வெளியிலிருந்து தாழ் போட்டு, படிக்குக் கீழே பாயை விரித்துப் படுத்தார். உள்ளே மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெரியவள் அப்படிச் சிரித்து வெகு நாளாயிற்று என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் போய் இன்னொரு தாழ்ப்பாள் வாங்கிவந்து உள்பக்கம் அடித்தாள். சற்றுக் கோணலாக இருக்கும். தினமும் எண்ணெய் விடுவாள்.

சாக்கை அவள் எறியவில்லை. கதவுக்கு உள்பக்கம் மடித்துப் போட்டிருக்கிறாள், கால் துடைக்க.

இந்த வருஷம் வேலையில்லாத மாதங்கள் வந்தன. கூடவே மேஸ்திரியும் வந்தார். சாக்கு இருந்த இடத்தில் கதவு இருந்ததால் வேறு வழியில்லாமல் தட்டினார். "இருங்க, வரேன்" என்றாள். வந்து திறந்தாள். அவர் படியை விட்டு இறங்கவில்லை. இத்தனை வருஷம் தலையை நீட்டிய வாசலில் எதற்கு இறங்குவது? நெற்றிக்கு வந்த கதவைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு, பாதி திறந்த இடுக்கு வழியாகவே முன்பணத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"வேலைக்கு வர மாட்டேன்னு சொல்லலீங்க. முன்பணம் வேண்டாம்னுதான் சொல்றேன். அன்னன்னைக்கு வேலை, அன்னன்னைக்குக் கூலி. வாங்காதவங்களுக்கு என்ன கூலியோ அதைக் குடுங்க."

மேஸ்திரியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அரசாங்கக் காசு வந்ததும் ரொம்ப உசந்துட்டே. சும்மா வர்ற காசு ஆளைச் சோம்பேறியாக்கிடும், பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, பிடித்திருந்த கதவை விட்டார். அது தானாக வந்து அவர் தோளில் இடித்தது. அதற்கும் அவர் இறங்கவில்லை; இடித்த பிறகுதான் திரும்பிப் போனார்.

எதிர்வீட்டு அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அக்காதான் முதல் ஆளாக வந்து, "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசையாடி உனக்கு?" என்று திட்டினார். திட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர், சாயங்காலம் மேஸ்திரி தம் வீட்டுச் சாக்கில் கை வைப்பதற்குள், எனக்கும் வேண்டாம் போங்க என்று உள்ளேயிருந்தே சொல்லிவிட்டார். இப்படியே அந்தத் தெருவில் ஐந்து பெண்கள் சேர்ந்தார்கள். யாரும் கூட்டம் போடவில்லை, கொடி பிடிக்கவில்லை. ஐந்து பேர் போனும் மாதம் ஒரு முறை கத்தும், அவ்வளவுதான் அவர்களுக்குள் ஒப்பந்தம்.

மாதம் ஒரு தொகை வந்ததால் வறுமை மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது என்று யாராவது எழுதினால் அவள் சிரிப்பாள். அந்தப் பணம் பத்து நாளில் கரைந்தது. மிச்ச நாளுக்குக் கணவர் தூக்கும் மூட்டைதான். ராத்திரிக்கு ஒரு வேளை அடுப்பு மூட்டி, காலையில் அதையே கரைத்துக் குடித்தார்கள். ஆனாலும் முந்தைய வருஷங்களில் அந்தப் பத்து நாளும் இருந்ததில்லை. அந்தப் பத்து நாளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் அவள் நின்றாள். பணம் என்றைக்காவது நின்றுபோனால் என்ன செய்வாய் என்று எதிர்வீட்டு அக்கா கேட்டபோது, "பணத்தை நிறுத்துவாங்க. கதவைக் கழட்டிட்டா போவாங்க?" என்றாள்.

களைக்காலம் தொடங்கியது. மேஸ்திரி ஐந்து வீட்டையும் தாண்டிப் போனார். விடியற்காலையில் மற்ற பெண்கள் பேசிக்கொண்டு வேலைக்குப் போகும் சத்தம் கதவுக்கு வெளியே கேட்கும். அவள் உள்ளே உட்கார்ந்து, ஏற்கெனவே தீட்டிய களைக்கொத்தை மறுபடி தீட்டுவாள். வெளியூர் ஆட்களைக் கூட்டிவரப் போகிறார் என்று பேச்சு வந்தது. அப்படி வந்துவிட்டால் அந்த வருஷக் கூலி மொத்தமும் போச்சு. பெரியவளை மேலே படிக்க அனுப்புவதும் அதோடு போச்சு. "பயமாத்தான் இருந்துச்சு, இல்லைன்னா பொய்" என்று அவள் மறைக்காமல் சொல்வாள். ஒரு நாள் கணவர், இந்தக் கதவை விற்றால் என்ன விலைக்குப் போகும் என்று விளையாட்டாகக் கேட்டுவைத்தார். அன்று முழுவதும் அவள் அவரோடு பேசவில்லை. தப்பு செய்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்து, மறுநாள் தாழ்ப்பாளுக்கு அவரே எண்ணெய் விட்டார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டு ஒரு வாரம் பெய்து, வெயில் அடித்ததும் கோரை கிளம்பியது. வெங்காயத் தாள் எது, கோரை எது என்று தெரியாத அளவுக்குப் பாத்தி மூடிப்போயிற்று. வெளியூரிலும் இதே மழை, இதே களை, ஆள் எங்கேயிருந்து வரும்? வயல்காரர்கள் மேஸ்திரியைப் பிடித்து உலுக்குகிறார்கள் என்று தெருவில் சேதி வந்தது. அவள் வழக்கத்துக்கு மாறாக அன்று தலைக்குக் குளித்தாள்.

மறுநாள் விடியும் நேரம் கதவு தட்டப்பட்டது. அவள் பெரியவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

"நான்தான்... மேஸ்திரி."

"இருங்க, வரேன்."

சொல்லிவிட்டு அவள் எழுந்திருக்கவில்லை. இடது பக்கப் பின்னலை முடித்து, வலது பக்கத்துக்கு வகிடு பிரித்தாள். எதிர்வீட்டில் சாக்கு விலகும் சத்தம் கேட்டது. அக்கா வெளியே வந்துவிட்டார் என்று தெரிந்தது. மேஸ்திரி கதவைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டியதாயிற்று. முன்பணக் கூலிக்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். உள்ளேயிருந்து சீப்பு போகும் சத்தம்தான் கேட்டது. மகள் கழுத்தைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவள் தலையைப் பிடித்து நேராக வைத்தாள். சற்றுப் பொறுத்து மறுபடி ஒரு தட்டு, இந்த முறை மெதுவாக.

"சரிம்மா. வாங்காதவங்க கூலியே தரேன். இன்னைக்கே கிளம்பணும்."

"அஞ்சு பேருக்கும்தானே?"

பதில் வருவதற்குள் சின்னவள் ஆணித்துளைக்கு ஓடிப்போய்க் கண்ணை வைத்தாள். அம்மா அதட்டவில்லை.

"அஞ்சு பேருக்கும்தான்."

அவள் ரிப்பனை இழுத்து முடிச்சுப் போட்டாள். பின்னலின் நுனியை ஒரு தடவை தட்டிவிட்டு எழுந்தாள். மகள் புத்தகப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள். தாழ்ப்பாளை நகர்த்தி, அவர் பிடித்து நிறுத்துவார் என்ற நினைப்பில், அவள் கொஞ்சம் பலமாகவே கதவைத் தள்ளினாள்.

கதவு எங்கேயும் இடிக்காமல் முழுசாகத் திறந்து சுவரில் போய் ஒட்டியது. மேஸ்திரி எப்போதோ இறங்கி, படிக்கு அப்பால் ஈர மண்ணில், பெரியவள் வெளியே வருவதற்கு வழி விட்டு ஒதுங்கி நின்றிருந்தார்.